டார்ச் ரிப்போர்ட்டில் 'சி.எம்.வி. பாசிட்டிவ்' என்று வந்தால் என்ன அர்த்தம்? கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 அக்டோபரில் மருத்துவ உலகத்துக்கு ஓர் ஏமாற்றச் செய்தி வந்தது. கோவிட் தடுப்பூசி மூலம் நமக்கெல்லாம் அறிமுகமான மாடர்னா நிறுவனம், சி.எம்.வி. என்ற வைரஸுக்கு எதிராக ஒரு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் சோதித்து வந்தது. 13 நாடுகள், சுமார் 7,500 பேர், மூன்றாம் கட்ட ஆய்வு. ரிசல்ட்? தொற்றைத் தடுக்கும் திறன் வெறும் 6 முதல் 23 சதவீதம். கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்க இந்தத் தடுப்பூசியைப் பயன்படுத்தும் திட்டத்தை நிறுவனம் கைவிட்டுவிட்டது.

நம்மூரில் இந்தச் செய்தியை பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஜிகா, ருபெல்லா போன்ற பெயர்கள் தெரிந்த அளவுக்குக்கூட சி.எம்.வி. என்ற பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து பரவும் வைரஸ்களில் உலக அளவில் மிகவும் பரவலானது இதுதான். குழந்தைகளின் செவித்திறன் குறைபாட்டுக்கு, மரபணு அல்லாத காரணங்களில் முதலிடமும் இதற்குத்தான்.

இன்னொரு பக்கம், கர்ப்ப காலத்தில் 'டார்ச் டெஸ்ட்' எடுத்து, அதில் 'சி.எம்.வி. பாசிட்டிவ்' என்று பார்த்துவிட்டு, கூகுளில் தேடி, தூக்கம் தொலைத்தவர்கள் நிறைய பேர். இந்த இரண்டு பிரச்சினைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சி.எம்.வி. என்றால் என்ன?

முழுப்பெயர் சைட்டோமெகலோ வைரஸ். 'சைட்டோ' என்றால் செல், 'மெகலோ' என்றால் பெரிய. இந்த வைரஸ் புகுந்த செல்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக வீங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஆந்தையின் கண் மாதிரி தெரியும். அதனால்தான் இந்தப் பெயர்.

இது ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மை வைரஸுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லலாம். இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால், பிறகு வெளியே போகாது. வாழ்நாள் முழுக்க உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். எப்போதாவது விழித்துக்கொள்ளும்.

எச்சில், சிறுநீர், கண்ணீர், தாய்ப்பால், ரத்தம், உடலுறவு ஆகியவற்றின் வழியாகப் பரவும். ஆரோக்கியமான ஒருவருக்கு வந்தால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. சிலருக்குக் கொஞ்சம் காய்ச்சல், தொண்டை வலி, அசதி. 'வைரல் ஃபீவர்' என்று பாராசிட்டமால் போட்டுவிட்டு மறந்துவிடுவோம்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளில், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே இந்தத் தொற்று வந்து போயிருப்பது தெரிய வந்திருக்கிறது. இதைப் படிக்கும் உங்களுக்கும் சின்ன வயதிலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது உங்களுக்கே தெரிந்திருக்காது.

குழந்தைக்கு எப்படிப் போகிறது?

தாயின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போது, அது நஞ்சுக்கொடியைத் தொற்றி, அங்கிருந்து குழந்தையை அடையும். இதில் இரண்டு வகை இருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வகை: கர்ப்ப காலத்தில்தான் வாழ்க்கையில் முதன்முறையாகத் தாய்க்கு சி.எம்.வி. வருவது. அப்போது உடம்பில் எதிர்ப்பு சக்தி தயாராக இருக்காது. குழந்தைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 30 முதல் 40 சதவீதம்.

இரண்டாம் வகை: ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸ் மீண்டும் விழிப்பது, அல்லது சி.எம்.வி.யிலேயே வேறொரு ரகம் புதிதாகத் தொற்றுவது. எதிர்ப்பு சக்தி ஓரளவு இருப்பதால், குழந்தைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான்.

எந்த மாதத்தில் தொற்று வருகிறது என்பதும் முக்கியம். முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு, ஆனால் பரவினால் பாதிப்பு பெரிது. மூளை, காது, கண் எல்லாம் உருவாகும் நேரம் அது. கடைசி மூன்று மாதத்தில் நேர்மாறு. பரவும் வாய்ப்பு அதிகம், பாதிப்பு மிகக் குறைவு.

அப்படியானால் இந்தியாவில் பிரச்சினை குறைவுதானே?

இதுதான் எல்லோரும் போடும் கணக்கு. '90 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, ஆபத்து 1 சதவீதம்தான், ஆகவே நாம் சேஃப்.' உண்மையில் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

ஓர் எளிய உதாரணம். 1,000 கர்ப்பிணிகளில் 950 பேருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால், 1 சதவீதம் என்றால்கூட 9 அல்லது 10 குழந்தைகளுக்குப் பரவும். வெளிநாடு ஒன்றில் 1,000 பேரில் பாதிப் பேருக்குத்தான் ஏற்கெனவே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 பேர் மூலம் 5 குழந்தைகள். மீதி 500 பேரில் 10 பேருக்குக் கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்று வந்தால், அதில் 3 அல்லது 4 குழந்தைகள். மொத்தம் 9 தாண்டாது. அதாவது, ஒவ்வொரு தாய்க்குமான ரிஸ்க் குறைவாக இருந்தாலும், அந்த ரிஸ்க்கைச் சுமப்பவர்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் மொத்தம் குறைவதே இல்லை.

உண்மையான தரவுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 36 நாடுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான ஆய்வில், பணக்கார நாடுகளில் 0.48 சதவீத குழந்தைகள் சி.எம்.வி. தொற்றுடன் பிறப்பதாகத் தெரிந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் அது 1.42 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு.

இந்தியாவில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கின்றன. 100-ல் 1 என்று எடுத்துக்கொண்டாலே 2 லட்சம் குழந்தைகள். ஆக, 'நமக்கெல்லாம் இது சகஜம்' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

தொற்றுடன் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வருமா?

இல்லை. இங்கேதான் நிதானம் தேவை.

தொற்றுடன் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 90 பேர் பிறக்கும்போது முற்றிலும் நார்மலாக இருப்பார்கள். சுமார் 10 பேருக்குத்தான் அறிகுறிகள் தெரியும். எடை குறைவு, தலை அளவு சிறிதாக இருப்பது, மஞ்சள் காமாலை, கல்லீரல், மண்ணீரல் வீக்கம், பிளேட்லெட் குறைந்து தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அந்த அறிகுறிகள்.

நார்மலாகப் பிறக்கும் 90 பேரிலும், 10 முதல் 15 சதவீதம் பேருக்குப் பின்னாளில் பிரச்சினை வரலாம். பெரும்பாலும் அது செவித்திறன் குறைவு. மொத்தமாகப் பார்த்தால் 5-ல் ஒரு குழந்தைக்கு நீண்ட கால பாதிப்பு. 5-ல் 4 பேர் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வளர்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், செவித்திறன் பாதிப்பு பிறந்த அன்றே தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிறந்ததும் எடுத்த காது பரிசோதனையில் 'பாஸ்' ஆன குழந்தைக்கு, ஒன்றரை வயதில், மூன்று வயதில்கூடக் கேட்கும் திறன் குறையலாம். ஒரு காதில் மட்டும் குறையலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம்.

'பையன் பேச லேட்டாகிறது', 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டே நாட்கள் ஓடும். மொழியை மூளை பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் அது. போனால் திரும்ப வராது.

சரி, டார்ச் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?

டார்ச் என்பது டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சி.எம்.வி., ஹெர்பிஸ் உள்ளிட்ட தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு. ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். பல லேப்களில் 'ப்ரெக்னன்ஸி பேக்கேஜ்' என்ற பெயரில் இதையும் சேர்த்தே தருகிறார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி இருக்கும். ஒன்று ஐஜிஜி, மற்றொன்று ஐஜிஎம்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், வாழ்க்கையில் எப்போதோ இந்தத் தொற்று உங்களுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான். இந்தியாவில் 10-ல் 9 பேருக்கு இப்படித்தான் வரும். இது நோய் இருப்பதற்கான அடையாளம் இல்லை. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால்தான் பேனிக் தொடங்குகிறது. 'புதிதாக வந்த தொற்று' என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், தொற்று வந்து பல மாதங்கள் கழித்தும் ஐஜிஎம் ரத்தத்தில் இருக்கலாம். பழைய வைரஸ் விழித்தாலும் வரலாம். வேறு ஏதாவது வைரஸ் தொற்றால் தவறாகவும் பாசிட்டிவ் காட்டலாம். ஆக, ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒரே வரியை வைத்து, 'கர்ப்பத்தில்தான் தொற்று வந்தது' என்று சொல்ல முடியாது. 'குழந்தைக்குப் போய்விட்டது' என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது.

அடுத்த கட்டமாக 'ஐஜிஜி அவிடிட்டி' என்ற பரிசோதனை இருக்கிறது. ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாக வைரஸைப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். புதிய தொற்றில் பிடி தளர்வாக இருக்கும். நாளாக நாளாக இறுகும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அவிடிட்டி அதிகம் என்று வந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்தது என்று பெரும்பாலும் நிம்மதியாகலாம்.

குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று உறுதியாக அறிய ஒரே வழி, பனிக்குட நீரை எடுத்து பி.சி.ஆர். செய்வது. அதையும் அவசரப்பட்டுச் செய்ய முடியாது. கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், தாய்க்குத் தொற்று வந்து சுமார் 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கூடவே விரிவான ஸ்கேன்கள். அப்போதும் 'தொற்று இருக்கிறது' என்பதும் 'பாதிப்பு இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு ஐஜிஎம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'கலைத்துவிடலாம்' என்ற முடிவை நோக்கிக் குடும்பங்கள் போவதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து. அந்த முடிவுக்கு அந்த ரிப்போர்ட் போதவே போதாது. கருவியல் நிபுணர் ஒருவரின் ஆலோசனை இல்லாமல் அந்தப் பக்கம் யோசிக்கவே கூடாது.

தொடர்ந்து கருச்சிதைவு ஆகும் பெண்களுக்கு டார்ச் எடுக்கச் சொல்வதும் இங்கே வழக்கம். தொடர் கருச்சிதைவுக்கான காரணத்தைத் தேட இந்தப் பரிசோதனையைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

அப்படியென்றால் யாருக்குத்தான் சி.எம்.வி. பரிசோதனை தேவை? ஸ்கேனில் குழந்தையின் மூளை, குடல், வளர்ச்சி ஆகியவற்றில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தால், அல்லது தாய்க்குக் காரணம் தெரியாத நீண்ட காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு இருந்தால், டாக்டர் எடுக்கச் சொல்வார். அங்கே அது மிக அவசியம்.

ஐரோப்பாவில் சில நிபுணர் குழுக்கள், முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதிக்கலாம் என்று சொல்கின்றன. அங்கே ஏற்கெனவே தொற்று வராத பெண்கள் அதிகம். ஆகவே 'புதிய தொற்றை' பிரித்தறிய முடியும். 10-ல் 9 பேருக்கு ஐஜிஜி பாசிட்டிவ் வரும் நம் நாட்டில் அதே ஃபார்முலாவை அப்படியே காப்பி அடிக்க முடியாது.

சிகிச்சை இருக்கிறதா?

கர்ப்ப காலத்தில்: முதல் மூன்று மாதத்தில் புதிய தொற்று உறுதியானால், வாலாசைக்ளோவிர் என்ற மருந்தை அதிக டோஸில், அதாவது ஒரு நாளைக்கு 8 கிராம், கொடுக்கும் முறை இருக்கிறது. இஸ்ரேலில் நடந்து 2020-ல் 'லேன்செட்' இதழில் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 30 சதவீதம் பேருக்கும் குழந்தைக்குத் தொற்று போயிருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சுமார் 90 பேர்தான் என்றாலும், இது நம்பிக்கை தரும் முடிவு. சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது.

பிறந்த பிறகு: அறிகுறிகளுடன் பிறந்த குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை 6 மாதம் வரை வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். செவித்திறனையும் வளர்ச்சியையும் ஓரளவு காப்பாற்ற இது உதவுகிறது. முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படும். அறிகுறியே இல்லாத குழந்தைக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

21 நாள் கெடு: மறக்கவே கூடாத எண்

பிறந்த குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, எச்சில் அல்லது சிறுநீரில் பி.சி.ஆர். பரிசோதனை போதும். ஊசிகூட வேண்டாம். ஆனால், பிறந்து 21 நாளுக்குள் எடுக்க வேண்டும்.

ஏன்? 21 நாளுக்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால், அது வயிற்றில் இருந்தபோது வந்ததா, பிறந்த பிறகு தாய்ப்பால் மூலம் வந்ததா என்று பிரிக்க முடியாது. பிறந்த பிறகு வரும் தொற்று, நிறை மாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையை ஒன்றும் செய்யாது. வயிற்றில் வந்தால்தான் பிரச்சினை. மூன்று வாரம் தாண்டிவிட்டால் அந்த விடை நிரந்தரமாகத் தொலைந்துபோகிறது.

பிறந்ததும் செய்யும் காது பரிசோதனையில் குழந்தை 'ரெஃபர்' ஆனால், 'ஒரு மாதம் கழித்து வந்து பார்க்கலாம்' என்று கிளம்பிவிடாமல், 'சி.எம்.வி. பார்க்கலாமா டாக்டர்?' என்று அப்போதே கேளுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதல், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் ரத்தத் துளி மூலம் சி.எம்.வி. பரிசோதனை செய்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2023-ல் இதைத் தொடங்கியது. இந்தியாவில் அரசுத் திட்டமாக இப்படி எதுவும் இல்லை.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாக. சி.எம்.வி. பாசிட்டிவ் என்பதற்காக தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குறை மாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள் விஷயத்தில் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தடுக்க என்ன செய்யலாம்?

தடுப்பூசி இல்லை. இப்போதைக்கு நம் கையில் இருப்பது கை கழுவுவது மட்டும்தான். சும்மா சொல்லவில்லை. இத்தாலியில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், இதுவரை தொற்று வராத, சின்னக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் கர்ப்பிணிகளுக்கு எளிய சுகாதார ஆலோசனைகள் சொல்லப்பட்டன. அவர்களில் 1.2 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்தது. சொல்லாத குழுவில் அது 7.6 சதவீதம்.

ஏன் சின்னக் குழந்தைகள்? தொற்று வந்த ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள், எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது பிரசவத்துக்குத் தயாராகும் அம்மாக்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ப்ளே ஸ்கூல் ஆசிரியைகள், நர்ஸ்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கலாம்.

- டயபர் மாற்றிய பிறகு, மூக்கு, வாய் துடைத்துவிட்ட பிறகு, ஊட்டிய பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
- குழந்தை மிச்சம் வைத்த சாதத்தை, பாதி கடித்த பிஸ்கட்டைச் சாப்பிட வேண்டாம். நம் வீட்டு அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டமான விஷயம். ஒரு பத்து மாதம் மட்டும் வேறு யாராவது காலி செய்யட்டும்.
- ஒரே ஸ்பூன், டம்ளர், டூத் பிரஷ் பகிர வேண்டாம்.
- முத்தத்தை உதட்டுக்குப் பதில் நெற்றியில், உச்சந்தலையில் கொடுங்கள்.

குழந்தையைத் தூக்காமல், கொஞ்சாமல் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. காற்றில் பரவும் வைரஸ் இல்லை இது. இதெல்லாம் அம்மாவின் வேலை மட்டும் என்றும் இல்லை. கர்ப்ப காலத்தில் மூத்த குழந்தையின் டயபர் டியூட்டியை அப்பா எடுத்துக்கொள்வது, மருத்துவ ரீதியாகவே அர்த்தமுள்ள உதவி.

முன்பே தொற்று வந்தவர்களுக்கு இது எவ்வளவு பலன் தரும் என்பது அந்த ஆய்வில் பார்க்கப்படவில்லை. ஆனால் வேறொரு ரகம் புதிதாகத் தொற்றும் வழியும் இதே எச்சிலும் சிறுநீரும்தான் என்பதால், கடைப்பிடிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பாதிப்பு வந்துவிட்டால்?

செவித்திறன் விஷயத்தில் உலகம் முழுக்க '1-3-6' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது. ஆறு மாதத்துக்குள் ஹியரிங் எய்டும் பயிற்சியும் தொடங்கும் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி, தாமதமாகத் தொடங்குபவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருக்கிறது.

பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய, 2013-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை இது. ஆனால் வயது வரம்பு இருக்கிறது. தாமதமாகக் கண்டுபிடித்தால் அந்தக் கதவும் மூடிவிடும்.

சி.எம்.வி. உறுதியான குழந்தைக்கு முதல் டெஸ்டில் காது நன்றாக இருந்தாலும், பள்ளி போகும் வயது வரை குறிப்பிட்ட இடைவெளியில் செவித்திறனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி என்ன?

தடுப்பூசிக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, வீட்டுக்குப் போவதற்கு முன் காது பரிசோதனை நடக்க வேண்டும். அதில் 'பாஸ்' ஆகாத குழந்தைக்கு 21 நாளுக்குள் சி.எம்.வி. பரிசோதனை நடக்க வேண்டும். காதில் இன்னும் பாதிப்பு தொடங்காத குழந்தைகள் இந்த வலையில் சிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தொடக்கத்திலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளை உரிய நேரத்தில் பிடித்துவிடலாம்.

இப்போது நடப்பது என்னவென்றால், பதில் தராத ஒரு ரத்தப் பரிசோதனையைக் கர்ப்ப காலத்தில் பணம் கொடுத்து எடுக்கிறோம். பதில் தரக்கூடிய ஒரு எளிய எச்சில் பரிசோதனையைப் பிறந்த மூன்று வாரத்துக்குள் எடுக்காமல் விடுகிறோம். மாற வேண்டியது இந்த வரிசைதான்.

கடைசியாக, குழந்தைக்கு சி.எம்.வி. இருப்பது தெரிந்தால், 'நீ எதையோ சாப்பிட்டிருப்ப, எங்கேயோ போயிருப்ப' என்று வீட்டில் அம்மாவின் பக்கம் விரல் நீளும். 10-ல் 9 பேர் உடம்பில் இருக்கும் வைரஸ் இது. எதற்காக யாரிடம் எப்போது விழித்துக்கொள்ளும் என்பது யார் கையிலும் இல்லை. குழந்தையின் காதுக்கு அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்பதுதான் அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை.